அரைப்பேர்

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், மலையேறி, அன்றைக்குச் சொன்ன கிலோவுக்குக் கொழுந்தை நிறுத்துப் போட்டால் செக்ரோல் என்கிற வரவுப் பதிவேட்டில் ஒரு பேர் விழும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பிந்திப் போனாலும், மழைக்குப் பாதியில் இறங்கினாலும் அரைப்பேர்தான். மாதக் கடைசியில் பீலிக்கரையில் ஒருத்தி இன்னொருத்தியிடம் “இந்த மாசம் எத்தன பேருடி?” என்று கேட்டால், வீட்டில் எத்தனை ஆள் என்று கேட்பதாக நினைத்துவிடக் கூடாது.

சின்ன மாமாவுக்கு எந்நாளும் அரைப்பேர். முழு நாள் வேலை செய்தாலும் அப்படித்தான். காலையில் கான் சுத்தம் பண்ணுவார். ஒன்பதரைக்கு லயத்துக்கு இறங்கி, வீடு வீடாக நின்று, கிழவிகள் ஊற்றிக் கொடுக்கிற தேத்தண்ணிப் போத்தல்களைச் சாக்கில் அடுக்கிக்கொண்டு மறுபடி மலைக்கு ஏறுவார். முப்பது போத்தலுக்குக் குறையாது. எல்லாம் ஒரே மாதிரிச் சாராயப் போத்தல், கடதாசியைச் சுருட்டி அடைத்த மூடி. எது யாருடையது என்று ஒரு நாளும் மாறியதில்லை. சீனி வேண்டாதவளுக்குச் சீனித் தேத்தண்ணி போனதில்லை. பின்னேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் சாக்கு தூக்குவார். இவ்வளவும் செய்கிற ஆளுக்குப் பணம் எண்ணத் தெரியாது, மணி பார்க்கத் தெரியாது, பேச்சு கொஞ்சம் இழுக்கும். அதனால் அரை. “அவனே அரை, அவனுக்கு எதுக்கு முழுப்பேரு?” என்று பெரட்டுக் களத்தில் ஒரு பகிடி இருந்தது. நானும் அதற்குச் சிரித்திருக்கிறேன்.

அவருடைய சொந்தப் பேரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் முடியாது. 2019 ஐப்பசி மழையோடு போய்விட்டார். பேரை எழுதாமல் விடுவது மரியாதையா, இல்லை இன்னொரு முறை பேரை வெட்டுவதா என்று தீர்மானிக்கத் தெரியாமல்தான் சின்ன மாமா, சின்ன மாமா என்று எழுதிக்கொண்டு போகிறேன்.

நுவரெலியாவிலிருந்து றாகலைக்குப் போகிற ரோட்டில் ஆறு மைல் அளவு வந்தால் கந்தப்பளை. தேயிலைக்கு நடுவே மரக்கறித் தோட்டங்கள் படி படியாக இறங்கும். லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்கு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூக்கில் ஏறுவது லீக்ஸ் வாசமும் எருவும்தான், தேயிலை வாசத்துக்கு ஸ்டோர் பக்கம் போக வேண்டும். ஒரு காலத்தில் இங்கே ரயில் இருந்தது. நானுஓயாவில் பெரிய கோச்சியை விட்டிறங்கினால், ஒடுங்கிய தண்டவாளத்தில் ஒரு குட்டிக் கோச்சி நுவரெலியா, கந்தப்பளை என்று றாகலை வரை போகும். கந்தப்பளை ஸ்டேசன் 6,300 அடிக்கு மேலே இருந்தது. இன்றைக்கு உயரத்துக்குப் பேர் போன பட்டிப்பொளையை விடவும் உயரம். நாற்பதுகளில் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். நான் பிறந்தபோது பாதை மட்டும்தான் மிச்சம். அந்தப் பாதையில் சின்ன மாமா வாயாலேயே கோச்சி ஓட்டிக்கொண்டு போவார். மீசை முளைத்த பிறகும் ஓட்டினார்.

குட்டிக் கோச்சி இருந்திருந்தால் தாத்தா கந்தப்பளையிலேயே ஏறியிருப்பார். லொறி பிடித்து நானுஓயா வரை போயிருக்க வேண்டியதில்லை.

1975. எனக்கு எட்டு வயது. நானுஓயா பிளாட்போமில் தகரப் பெட்டிகள், கயிற்றால் கட்டிய பாய் மூட்டை, அம்மாயியின் ஒப்பாரி. அந்தக் காலத்தில் தலைமன்னாருக்குப் போகிற கோச்சிக்கு அழுகைக் கோச்சி என்றே பேர். தலைமன்னாரில் கப்பல், அந்தப் பக்கம் இராமேஸ்வரம், மண்டபம் முகாம். அதற்கப்பால் எங்கே என்று அங்கே போனபிறகுதான் தெரியும். தாத்தா, அம்மாயி, பெரிய மாமா, சின்ன மாமா, நான்கு பேருக்கும் இந்தியக் கடதாசி. அம்மா அப்பாவைக் கட்டியதால் இலங்கைப் பக்கம். சின்ன மாமாவுக்கு அன்றைக்கு 18 வயது. யாரோ கொடுத்த கம்பளிக் கோட்டு, கை நீளம். கோச்சியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அப்புறம் பார்க்கும்போது என் பக்கத்தில் நிற்கிறார்.

“நா வரல.”

கத்தவில்லை. அழவில்லை. மலையில் மழை வருகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். தாத்தா உள்ளேயிருந்து “ஏறுடா” என்றார். பெரிய மாமா குதித்து இறங்கிக் கையைப் பிடித்து இழுத்தார். சின்ன மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈரக் கொழுந்துச் சாக்கை ஒற்றை ஆளால் தூக்க முடியுமா? கார்ட் கொடியைக் காட்டினார். பெரிய மாமா ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

இது என் ஞாபகம். இதையே வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் வீட்டில் உண்டு. பிறகு வருகிறேன்.

தாத்தா இந்தியாவுக்கு மனுப் போட்டது ஆசைப்பட்டா என்று ஒரு முறை அம்மாவிடம் கேட்டேன். “ஆசையா? கணக்குப்புள்ள சொன்னாரு, கங்காணி சொன்னாரு, போட்டாரு” என்றாள். 1964 அக்டோபர் 30 அன்று டில்லியில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நாடற்றுப் போயிருந்த இந்திய வம்சாவளியினர் 975,000 பேர் கணக்கு. 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்பது. பத்து வருடம் கழித்து, 1974 ஜனவரியில், அந்த மிச்சத்தையும் பங்கு வைத்தார்கள். 75,000 உனக்கு, 75,000 எனக்கு. சரிபாதி. கறிவேப்பிலைக் கட்டைப் பிரிப்பதற்குக்கூட அதைவிட அதிக நேரம் எடுக்கும். மலையில் எத்தனை பேர் போக விரும்புகிறார்கள் என்று யாரும் முதலில் கேட்கவில்லை. விண்ணப்பம் கோரியபோது இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டும் சேர்ந்த 600,000 பங்கை எட்டவில்லை. கேட்காமல் போட்ட கணக்கு இடித்தது.

அதே 1974 ஜனவரியில், உலகத்தின் மறுகோடியில், அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துச் சேலம் நகரத்தில் (நம் சேலம் இல்லை, ஆனால் பேர் அதேதான்) ஒரு சின்னக் கூட்டம் நடந்தது. அறிவு வளர்ச்சி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு விடுதிகளில் அடைந்து கிடந்தவர்கள், வெளியே வந்து, தங்களுக்கென ஒரு மாநாடு நடத்த யோசித்துக்கொண்டிருந்தார்கள். அமைப்புக்கு என்ன பேர் வைப்பது? குத்திய முத்திரை வேண்டாம், முதலில் நான் ஒரு ஆள், அப்படித்தான் என்னைத் தெரிய வேண்டும் என்று அவர்களில் ஒருவர் சொன்னதிலிருந்து பீப்பிள் ஃபர்ஸ்ட் என்ற பேர் வந்தது. அந்த வருடம் அக்டோபரில் மாநாடு கூடியபோது 560 பேர் வந்தார்கள். இன்று செல்ஃப் அட்வகசி என்று சொல்கிறோமே, அதன் ஊற்றுகளில் ஒன்று அது.

ஒரு மாதம். ஓரிடத்தில் சிலர் சேர்ந்து நாங்கள் முழு ஆட்கள் என்கிறார்கள். இன்னோரிடத்தில் ஒன்றரை லட்சம் பேரைப் பாதியாக வெட்டுகிறார்கள். இந்த இரண்டும் ஒரே மாதம் என்பது கொழும்பில் என் மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் பட்டது. தேத்தண்ணி ஆறிப்போகும் வரை அந்தத் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் போட வேண்டும். சுகாதாரத் துண்டுப்பிரசுரம், வரிப் படிவம், டெங்கு அறிவித்தல். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை விளக்கும் சிறு நூல் ஒன்றும் அப்படித்தான் மேசைக்கு வந்தது. செல்ஃப் அட்வகசி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அகராதி ‘தன் பரிந்துரைப்பு’ என்றது. இன்னொருவர் ‘சுய வாதாடல்’ என்று போட்டிருந்தார். வாதாடல் என்றதும் கறுப்புக் கோட்டு ஞாபகம் வருகிறது. சின்ன மாமாவிடம் போய் நீங்கள் சுய வாதாடல் செய்தீர்கள் என்றால் “நா ஒண்ணும் செய்யல” என்று பயந்துவிடுவார்.

ஆனால் செய்தார்.

அது எண்பதுகளின் கடைசி. ஒரு சம்பள நாளில், கணக்கப்பிள்ளை ஐயாவின் மேசைக்கு முன்னால் வரிசையில் நின்றவர், தன் முறை வந்ததும் காசைக் கையில் எடுக்கவில்லை. “ஏம் பேர முழுசா எழுதுங்க” என்றார். ஐயா சிரித்தார். வரிசையும் சிரித்தது. தோட்டத் தலைவர் ஓடிவந்து அவருக்காகப் பேசினார். “பாவங்க ஐயா, வெள்ளந்திப் பய, பாத்துப் போட்டுக் குடுங்க.” சின்ன மாமா காசை மேசையிலேயே விட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். வீட்டுக்கு வந்த பிறகு அம்மா எவ்வளவு கேட்டும் ஒன்றுதான் சொன்னார். “நா பாவமில்ல.”

ஐயாவின் சிரிப்பை விடத் தலைவரின் பரிந்துரைதான் அவருக்குச் சுட்டிருக்கிறது. அந்த ஒரு சொல்லை வைத்தே அகராதியின் ‘பரிந்துரைப்பு’வை அடித்துவிட்டேன். கடைசியில் அந்த நூலில் ‘தன் பேச்சைத் தானே பேசுதல்’ என்று போட்டேன். நீளம்தான். மேலிடத்தில் வெட்டுவார்கள் என்று பார்த்தேன், வெட்டவில்லை.

மறுநாளிலிருந்து அவர் போத்தல் தூக்கவில்லை. கான் சுத்தம் பண்ணினார், சாக்குத் தூக்கினார், ஒன்பதரைக்கு மட்டும் மலையிலேயே உட்கார்ந்துகொண்டார். முதல் நாள் பெண்கள் ஏசினார்கள். இரண்டாம் நாள் வேறொரு பையன் போத்தல் கொண்டுவந்தான். பாதி மாறிப் போயிற்று, இரண்டு உடைந்தது. ஒரு கிழமை போனபோது பெண்களே மலையில் சத்தம் போட ஆரம்பித்தார்கள். “அந்த மனுசனுக்குப் பேரப் போடுங்க, இல்லாட்டி எங்களுக்குத் தேத்தண்ணிக்கு எறங்க நேரம் குடுங்க.” முழுப்பேர் விழுந்தது. இதை வெற்றிக் கதையாக முடிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு வருடத்தில் மேலே ஆள் மாறினார், மறுபடி அரை. இரண்டாவது முறை அவர் உட்காரவில்லை. ஏன் என்று தெரியாது. களைத்திருக்கலாம்.

அவருக்கு அடையாள அட்டை இல்லை, வாக்கு இல்லை. தாத்தாவின் கடதாசியில் பிள்ளைகள் வரிசையில் இருந்த பேர், ஆகவே இந்தியக் குடிமகன். கப்பல் ஏறாத இந்தியக் குடிமகன். 1984இல் கப்பலும் நின்றுவிட்டது. கூடலூர்ப் பக்கம் டான்டீ தோட்டத்தில் வேலை கிடைத்த தாத்தாவிடமிருந்து நீலக் கடதாசியில் கடிதம் வரும். மாடு, மழை, காய்ச்சல், கடைசி வரியில் சின்னவன் சாப்பிடுகிறானா என்ற கேள்வி. அம்மா பதில் எழுதச் சொல்லுவாள், நான் எழுதுவேன். சாப்பிடுகிறான், சுகமாயிருக்கிறான். ஒரு தடவையாவது ‘நீங்க என்ன மாமா சொல்றீங்க, அதையும் எழுதுறேன்’ என்று அவரிடம் நான் கேட்டதில்லை. அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். தபால் தலையை நாக்கில் நனைத்து ஒட்டுகிற வேலை அவருக்கு.

ரொபர்ட் மார்ட்டினை எனக்கு அறிமுகப்படுத்தியதும் அந்தக் கொழும்பு மேசைதான். நியூசிலாந்துக்காரர், 1957இல் பிறந்தவர். சின்ன மாமாவும் அதே வருடம். பிறக்கும்போது மூளையில் அடி. ஒன்றரை வயதில் கிம்பர்லி என்ற பெரிய விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். தனக்கென்று ஒரு சட்டைகூட அங்கே கிடையாது, பொதுக் குவியலிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வது. அப்படி வளர்ந்தவர் பின்னாளில் ஐ.நா. சமவாயம் எழுதப்பட்ட அறைக்குள் போய்ப் பேசினார். 2016இல் அந்தச் சமவாயத்தைக் கண்காணிக்கிற குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அறிவுசார் குறைபாடுள்ள ஒருவர் ஐ.நா.வின் அப்படியொரு குழுவில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சேர் பட்டமும் கிடைத்தது. 2024 ஏப்ரலில் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்று நூலுக்கு ‘ஓர் ஆளாக ஆவது’ என்ற அர்த்தத்தில் பேர் வைத்திருக்கிறார்கள். படித்தபோது எனக்குச் செக்ரோல்தான் ஞாபகம் வந்தது.

ஐ.நா.வும் ஒரு காலத்தில் அரைப்பேர்தான் போட்டது என்றால் கோபிப்பார்கள். அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் பற்றிய 1971 பிரகடனத்தை எடுத்துப் பாருங்கள். இவர்களுக்கும் மற்ற மனிதருக்குள்ள உரிமை உண்டு என்று ஆரம்பித்து, ‘இயன்ற அளவுக்கு’ என்று ஒரு சொல்லைச் செருகியிருக்கிறது. எவருக்கு இயன்ற அளவு? 2006 டிசம்பரில் வந்த சமவாயத்தில் அந்தச் செருகல் போய்விட்டது. அதன் 12ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் எல்லாருக்கும் முழுத் தகைமை என்கிறது. ஒருவருக்கு முடிவெடுக்கச் சிரமம் என்றால் துணை கொடு, அவருக்குப் பதிலாக நீ முடிவெடுக்காதே. இலங்கை 2007இல் கையெழுத்துப் போட்டு, 2016 பெப்ரவரியில்தான் ஏற்று உறுதிப்படுத்தியது. நமக்கு 1996இலேயே ஒரு சட்டம் இருந்தது, 2003இல் ஒரு கொள்கையும் வந்தது. தோட்டத்துக்கு எது வந்தது என்று கேட்டால் ஒரு சக்கர நாற்காலி விநியோகம் ஞாபகமிருக்கிறது. படிக்கட்டுள்ள லயத்துக்கு.

2003 எங்கள் வீட்டில் வேறொன்றுக்காக ஞாபகத்தில் நிற்கும் வருடம். மிச்சம் மீதி இருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் அந்த வருடம் நிறைவேறியது. இந்தியக் கடதாசியோடு இங்கேயே தங்கிவிட்டவர்களும் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டால் போதும். வருடக் கடைசியில் மலையெங்கும் நடமாடும் முகாம் போட்டார்கள். பத்து நாளில் ஏறத்தாழ 190,000 பேர் பதிந்தார்கள். நான் லீவு போட்டு வந்து அம்மாவோடும் சின்ன மாமாவோடும் வரிசையில் நின்றேன். அன்றைக்கு அவருக்கு 46 வயது.

மேசையிலிருந்த அலுவலர் கடதாசியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு அம்மாவைக் கேட்டார். “இவருக்கு விளங்குமா?”

“விளங்காதுங்க ஐயா. நாங்க பாத்துக்கிருவோம்.”

அம்மா அவரைச் சோறூட்டி வளர்த்தவள். அவருக்குக் காய்ச்சல் என்றால் பெரட்டுக்குப் போக மாட்டாள். அந்த வாயாலேயேதான் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்றேன், மறுத்துச் சொல்லவில்லை.

“எது வெளங்காது?” என்றார் சின்ன மாமா.

அலுவலருக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல மனிதர். கதிரையை முன்னால் இழுத்துப் போட்டு, இது குடியுரிமைப் பத்திரம், கையெழுத்து வைத்தால் நீங்கள் இந்த நாட்டு ஆள் என்று மெதுவாகச் சொன்னார். சின்ன மாமா கடதாசியை வெகுநேரம் பார்த்தார். வாசிக்கத் தெரியாது, ஆனாலும் பார்த்தார்.

“இதுல கையெழுத்து வச்சா கோச்சி ஏறணுமா?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அலுவலர் சிரிக்கவில்லை. “இல்ல. ஏற வேணாம். இங்கயே இருக்கலாம்” என்றார். சின்ன மாமா பேனையை வாங்கி, தன் பேரின் முதல் எழுத்தை மட்டும் பெரிதாக எழுதினார். பிறகு பெருவிரல் ஒற்றினார்.

கடதாசிக்கும் கோச்சிக்கும் உள்ள தொடர்பை அந்த மண்டபத்தில் அவரைவிட யாருக்குத் தெரியும்? தாத்தா கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. 1964இல் டில்லி மேசையில் யாராவது கேட்டிருக்க வேண்டியது.

பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “நாந்தானே அன்னைக்கு இவன கோச்சிலேருந்து எறக்கி வச்சுக்கிட்டேன்” என்றாள். நான் திடுக்கிட்டேன். அவளுடைய ஞாபகத்தில் சின்ன மாமா தானாக இறங்கவில்லை. தாத்தா அம்மாயியோடு போனால் அந்த ஊரில் யார் பார்ப்பார் என்று அவள்தான் கையைப் பிடித்து இறக்கினாள். அப்பாவிடம் இன்னொரு கதை இருந்தது. தாத்தாவே வேண்டுமென்று விட்டுவிட்டுப் போனாராம், போகிற இடத்தில் பாரமாக இருக்குமென்று. அம்மா இதைக் கேட்டால் சண்டைக்கு வருவாள். எது சரியோ. அம்மாவின் கதையில் அவரை ஒருவர் இறக்கினார், அப்பாவின் கதையில் ஒருவர் விட்டுவிட்டுப் போனார். மூட்டையையும் இறக்கலாம், விட்டுவிட்டும் போகலாம். “நா வரல” என்ற இரண்டு சொல் என் கதையில் மட்டும்தான் இருக்கிறது. எட்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

1947 தேர்தலில் தாத்தா வாக்குப் போட்டவர். அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது, நுவரெலியாவில் தொண்டமான். அடுத்த வருடம் பிரஜாவுரிமை போயிற்று, அதற்கடுத்த வருடம் வாக்கும் போயிற்று. தோட்டத்து ஆட்களுக்கு என்ன தெரியும், யாராவது சொல்கிறவருக்குப் போடுவார்கள் என்பது அந்தக் காலத்துப் பேச்சு. நான் வளர்ந்த பிறகு அதே பேச்சைச் சின்ன மாமாவைப் பற்றி எங்கள் லயத்திலேயே கேட்டேன், 2005 நவம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் நாள். “அவனுக்கு எதுக்கு ஓட்டு? அக்கா சொல்றதுக்குத்தானே போடப் போறான்.” சொன்னவர் வாக்கு இல்லாமல் நாற்பது வருடம் இருந்த மனிதர்.

அரசியல் யாப்பின் 89ஆம் உறுப்புரையில், சித்தசுவாதீனமற்றவர் என்று சட்டப்படி காணப்பட்டவர் வாக்காளராக இருக்க முடியாது என்று இருக்கிறது. சமவாயத்தின் 29ஆம் உறுப்புரைக்கு இது ஒத்துவராது. ஆனாலும் அந்த வரியிலேயே ‘சட்டப்படி’ என்று ஒரு சொல் இருக்கிறது. லயத்து வாசலில் நின்று தீர்ப்புச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. மனநோய் பற்றிய நம் சட்டத்துக்கு 1873இல் போட்ட கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடி. அப்போது இந்த மலைகளில் கோப்பி நின்றது. இலங்கைத் தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்கு முதன்முதலில் போனதும் அந்த வருடம்தான் என்பார்கள். தேயிலையை எத்தனையோ தடவை கவ்வாத்து வெட்டிவிட்டார்கள், சட்டத்தை வெட்ட ஆளில்லை.

வாக்குச்சாவடியில் சின்ன மாமாவைக் கேட்டார்கள், நாங்கள் புள்ளடி போட்டுத் தரவா என்று. அன்றைய முறைப்படி கேட்டது தப்பில்லை. “நானே” என்றாராம். அட்டை மறைப்புக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. அம்மா வெளியில் தவித்துக்கொண்டு நின்றாள். வந்தார். இடது கைச் சின்ன விரலில் மை. அதை ஊதிக்கொண்டே வந்தார், காயாத வெற்றிலைச் சுண்ணாம்பை ஊதுவது போல.

“யாருக்குடா போட்ட?”

“சொல்ல மாட்டேன்.”

“அக்காகிட்டக்கூடவா?”

“சொல்லக் கூடாதாம்.”

கடைசி வரை சொல்லவில்லை. அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் யாருக்குப் போட்டோம் என்று டவுன் தேத்தண்ணிக் கடையிலேயே ஒப்பித்துவிட்டார்கள். இரகசிய வாக்கெடுப்பு எங்கள் தோட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் நடந்தது.

அவரைப் பற்றி இவ்வளவு எழுதும்போது பணிய லயத்துப் பிள்ளை ஒருத்தி குறுக்கே வருகிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். சின்ன மாமாவுக்கு இருந்த மாதிரித்தான் அவளுக்கும். ஆனால் பெண்பிள்ளை. வீட்டில் எல்லாரும் மலைக்குப் போனதும் காம்பராவுக்கு வெளியே பூட்டு. பயத்தில் பூட்டினார்கள், அந்தப் பயம் பொய்யுமில்லை. இஸ்தோப்பைத் தாண்டிப் போகும்போது பலகை இடுக்கில் விரல் தெரியும். சின்ன மாமா ஆம்பிளை, அதனால் மலையேறினார், கோச்சி ஓட்டினார், கணக்கப்பிள்ளையோடு மல்லுக்கட்டினார். அவளுக்கு “நா வரல” என்று சொல்ல ஒரு கோச்சிகூட வரவில்லை. எங்கே போனாள், எப்போது போனாள் என்று அம்மாவுக்கே தெளிவாக ஞாபகமில்லை. தன் பேச்சைத் தானே பேசுதல் என்று எழுதிவிட்டு நிமிரும்போதெல்லாம் அந்த விரல்தான் தெரிந்தது. பேச ஆளிருந்தும் கேட்க ஒருவருமில்லாவிட்டால் என்ன பண்ணுவது என்பதற்கு என் சிறு நூலில் ஒரு பக்கமும் இல்லை.

2016 சித்திரை விடுமுறைக்கு வந்தபோது, அச்சான நூலில் ஒரு பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். சின்ன மாமாவுக்கு அதில் படங்கள் பிடித்திருந்தன. சக்கர நாற்காலிப் படத்தைக் காட்டி “இதுக்கு ரோட்டு வேணும்” என்றார். எழுத்துப் பக்கங்களை வேகமாகப் புரட்டினார். சாயங்காலம், பீலிக்கரையில் அவர் வாளி பிடித்துக்கொண்டிருந்தபோது, நாற்பத்தொரு வருடம் பிந்திப் போய்க் கேட்டேன்.

“மாமா, அன்னைக்கு நானுஓயாவுல நீங்களா எறங்கினீங்களா, அம்மா எறக்கினாங்களா?”

“நாந்தே.”

சந்தேகமே இல்லாமல் வந்தது. எனக்கு நெஞ்சு லேசானது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“ஏன் மாமா எறங்கினீங்க?”

வாளியிலிருந்து பார்வையை எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். சின்ன வயதில் போத்தலைத் தப்பாகக் கையில் எடுத்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“நீ ஏம் பாப்பா கொழும்புக்குப் போன?”

யாரும் என்னைக் கேட்டதில்லை. படித்தேன், வேலை கிடைத்தது, போனேன். போகப் போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா அழுதாள், அப்பா பஸ்ஸுக்குக் காசு கொடுத்தார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்கும்படி நானும் நிற்கவில்லை. பதில் தேடிக்கொண்டு நின்றேன். வாளி நிரம்பி வழிந்தது. அவர் அதை நகர்த்திவிட்டு மற்ற வாளியைப் பீலிக்கடியில் வைத்தார்.